கூலிக்கு வந்த வழிகாட்டி

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே உள்ள தொழுகை அறையில், சனிக்கிழமைகளில் தமிழ் பேசும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி நபிகள் நாயகத்தின் வரலாறு படிப்பார்கள். கிழமைக்கு ஒருத்தி வீட்டிலேயே வாசித்துவிட்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஹிஜ்ரி ஆயிரத்து நானூற்று நாற்பத்தேழாம் ஆண்டு பிறக்க இரண்டு கிழமை இருந்தது. நபியவர்கள் மக்காவை விட்டு மதீனாவுக்குப் போன கதையை யார் சொல்வது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் ஸெய்னம்புவைத்தான் பார்த்தார்கள்.

"நீதான் சொல்ல வேணும்," என்றாள் வகுப்பை நடத்துகிற மஸாஹிரா ராத்தா. எழுபது வயது தாண்டியவள், ஆனால் குரலில் தளர்ச்சி இல்லை. "அஸ்மா நாயகி நிறைவயிறோட மக்காவை விட்டு வந்தவ. நீயும் அப்பிடித்தானே யாழ்ப்பாணத்தை விட்டு வந்தனீ."

ஸெய்னம்பு தலையை ஆட்டினாள். அவளுக்கு ஐம்பத்துநான்கு வயது. லோரன்ஸ் அவெனியூவில் ஓர் உலர்சலவைக் கடையில் உடுப்புத் திருத்தித் தைக்கும் வேலை. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விரட்டப்பட்ட கதையை அவள் ஒவ்வோர் ஒக்டோபரிலும் யாராவது கேட்கும்போது சொல்லியிருக்கிறாள். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில் இயக்கத்தின் ஒலிபெருக்கி தெருத்தெருவாகப் போனதை, இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னதை, கொதித்துக்கொண்டிருந்த உலையை அப்படியே விட்டு எழும்பியதைச் சொல்வாள். முடிவில் எப்போதும் ஒரே வசனம்: "ஒருத்தரும் எங்களுக்குக் கதவு திறக்கேல்லை."

அந்த வசனம் பொய் என்று அவளுக்கும் தெரியும், நான்கு வருடத்துக்கு முன் மவுத்தாகிப்போன அவள் கணவன் ஸுபைருக்கும் தெரியும். வேறு யாருக்கும் அவர்கள் சொன்னதில்லை. மகன் ரில்வானுக்குக்கூட.

ஞாயிற்றுக்கிழமை பகல் தொழுகை முடித்து, குசினி மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள். சின்ன வயதிலிருந்தே கேட்ட கதை. நபியவர்களும் அபூபக்ரும் தௌர் மலைக் குகையில் மூன்று நாள் ஒளிந்திருந்தது. அபூபக்ரின் மகள் அஸ்மா தன் இடுப்புத் துணியை இரண்டாகக் கிழித்துச் சாப்பாட்டு மூட்டையைக் கட்டிக் கொடுத்தது. பிடித்துத் தருபவருக்கு நூறு ஒட்டகம் என்று குறைஷிகள் பறைசாற்றியது. எல்லாம் மனப்பாடம். ஆனால் நடுவில் இரண்டே வரியில் வந்துபோகிற ஒரு மனிதரை அவள் இதுவரை நின்று பார்த்ததில்லை. அவருடைய பெயர் அப்துல்லாஹ் இப்னு உரைகித். பாலைவனத்துப் பாதைகளை அறிந்தவர். குறைஷிகளின் பழைய மதத்திலேயே இருந்தவர். அவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவரை நம்பினார்கள். இரண்டு ஒட்டகங்களையும் அவர் கையில் கொடுத்து, மூன்று நாள் கழித்துக் குகைக்குக் கொண்டு வரச் சொன்னார்கள். மூன்றாம் நாள் காலை சொன்னபடி அவர் வந்து நின்றார். வழக்கமான பாதையை விட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

ஸெய்னம்பு அந்த இடத்தை மறுபடி வாசித்தாள். மூன்று நாள் அந்த மனிதர் மக்காவுக்குள்தான் திரிந்திருப்பார். நூறு ஒட்டகம் என்ற பேச்சு சந்தையெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். ஒரு வார்த்தை போதும், ஆயுளுக்கும் பணக்காரன்.

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

ஊரைவிட்டு விரட்டப்பட்ட அன்றைக்கு அவளுக்குப் பத்தொன்பது வயது. ஒலிபெருக்கி போன கொஞ்ச நேரத்திலேயே பிள்ளைப்பேற்று நோவு தொடங்கிவிட்டது. லொறிகளில் எல்லோரும் போய்விட்டார்கள். கெடு முடிந்து, தெரு வெறிச்சோடி, நாய்கள் மட்டும் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஸுபைர் கார் நிலையத்துக்கு ஓடினான். நின்றவர்களில் ஒருத்தர்தான் வரச் சம்மதித்தார். சிவபாதம் என்று பெயர், இடது புருவத்தில் ஒரு வெட்டுக்காயம். மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய ஒஸ்ரின் கார். முன்பின் பழக்கமில்லாத, வாடகைக்கு ஓடுகிற மனிதர்.

அவர் வந்து மூவரையும் பார்த்தார். ஸெய்னம்பு, ஸுபைர், ஸுபைரின் உம்மா.

"உப்பிடியே போகேலாது," என்றார். "தம்பி, தொப்பியைக் கழட்டும். பிள்ளை, முக்காட்டை எடுங்கோ."

காரின் முன்கண்ணாடிக்குக் கீழே சாமிப்படத்தடியில் இருந்த திருநீற்றை எடுத்து ஸுபைரின் நெற்றியில் மூன்று விரலால் பூசினார். குங்குமச் சிமிழைத் திறந்து ஸெய்னம்புவிடம் நீட்டினார். அவள் அதைத் தொடாமல் அழுதாள்.

"பிறகு அழிச்சுப்போட்டுத் தொழலாம், பிள்ளை," என்றார். "இப்ப வையுங்கோ."

அவள் வைத்தாள். நாவற்குழியில் காவல் நின்ற இயக்கப் பெடியன் துவக்கோடு காருக்குள் குனிந்து பார்த்தான். சிவபாதம் முகத்தைத் திருப்பாமலே, "என்ரை மனுசிக்குப் பிள்ளைப்பேறு. இவர் மச்சான். பின்னுக்கு இருக்கிறது தாய். சாவகச்சேரி ஆசுப்பத்திரிக்குப் போறன்," என்றார். பெடியன் ஸெய்னம்புவின் நெற்றியைப் பார்த்தான், வயிற்றைப் பார்த்தான், விட்டுவிட்டான். சாவகச்சேரியில் நிற்காமல் ஒழுங்கைகளுக்குள்ளால் புகுந்து கேரதீவுக் கரையில் கொண்டுபோய் இறக்கினார். அங்கே தோணி இருந்தது.

மாமி சேலைத் தலைப்பின் மடிப்பில் தைத்து வைத்திருந்த சங்கிலியைப் பிரித்து எடுத்து நீட்டினாள். சிவபாதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஸுபைர் கடல்நீரை அள்ளி நெற்றியைக் கழுவினான். நீறு போன பிறகும் தோல் சிவக்கும்வரை தேய்த்தான். தோணியில் வைத்து அவளிடம் சொன்னான்: "இதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. அவன் நகைக்கு வந்தவன். நாங்கள் அவனுக்கு ஒண்டும் கடனில்லை."

பிறகு புத்தளத்து முகாம், பிறகு கொழும்பு, பிறகு ரொறன்ரோ. எங்கேயும் அவள் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் மார்க்கம் றோட்டில் ஒரு தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த கிழவரை இரண்டு பேருமே கண்டார்கள். இடது புருவத்தில் அதே வெட்டுக்காயம். ஸுபைர் அவளுடைய முழங்கையைப் பிடித்தான். சாமான் நிறைந்த வண்டிலை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார்கள்.

புத்தகம் வாசித்ததற்கு அடுத்த நாள், சலவைக் கடையில், துணி மினுக்கிக்கொண்டிருந்த பேபியிடம் கேட்டாள். பேபி சாவகச்சேரிக்காரி, ஸ்காபரோவில் யாருக்கு யார் என்ன முறை என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"பேபியக்கா, கார் ஓடின சிவபாதம் எண்டு ஒருத்தர். புருவத்திலை வெட்டு."

"ட்ரைவர் சிவபாதமோ? ஓம், எங்கட பக்கம்தான். மனுசி செத்துப்போச்சு. மோள் பிரதீபாவோட மார்க்கம் நகரிலை இருக்கிறார். சுவாசப்பை சரியில்லை, ஒக்சிசன் போட்டிருக்காம்." பேபி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "உமக்கு அவரை எப்பிடித் தெரியும்?"

ஸெய்னம்பு ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள். பேபி அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டாம்தரம் கேட்கவில்லை. "வியாழக்கிழமை வேலை முடியக் கூட்டிக்கொண்டு போறன்," என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை போனார்கள். பிரதீபா கதவைத் திறந்தாள். நாற்பது வயதுக்கு மேல், அலுவலக உடுப்போடு, கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. பேபி எதையோ சொல்லி அவளைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். கீழ்த்தட்டு அறையில், ஜன்னலோரக் கதிரையில், மூக்கில் குழாயோடு சிவபாதம் இருந்தார். எழுபத்தேழு வயது. மெலிந்து, தோளெலும்பு தெரிந்தது.

"ஆர்?" என்றார்.

"அண்ணை, நான் ஸெய்னம்பு. தொண்ணூறிலை, எங்களைக் கலைச்ச அண்டு, கேரதீவுக்குக் கொண்டுபோய் விட்டனீங்கள்."

அவர் அவளை நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"சங்கிலியை வித்துப்போட்டன், பிள்ளை."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவசரமாகக் கையை அசைத்தாள்.

"சங்கிலி கேட்டு வரேல்லை, அண்ணை."

"கேக்கலாம். உங்கட பொருள்தான். காருக்கு ரெண்டு ரயர் வாங்கினனான்." அவர் மூச்சு வாங்கினார். "வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாம். வீடு வாசல் எல்லாம் விட்டுட்டுப் போற சனத்திட்டை வாங்கினன். அதுக்கு நான் ஒரு ஞாயமும் சொல்ல மாட்டன். ஆசைப்பட்டுத்தான் வாங்கினனான்."

ஸெய்னம்பு அவருக்கு எதிரே கட்டிலின் விளிம்பில் இருந்தாள். அவர் தலையை நிமிர்த்தினார்.

"அந்தப் பிள்ளை?" என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "வயித்திலை இருந்தது. தோணி போகேக்கை நீங்கள் கத்தினது கரை வரைக்கும் கேட்டது. நான் அதிலையே நிண்டனான். அந்தப் பிள்ளை தப்பியிராது எண்டுதான் இவ்வளவு காலமும்…"

"தப்பினான், அண்ணை. அடுத்த நாள் காலமை பூநகரியிலை ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளை பிறந்தான். ஆம்பிளைப் பிள்ளை. ரில்வான். இப்ப பிறம்ரனிலை இருக்கிறான், கரண்ட் வேலை செய்யிறான்."

சிவபாதம் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் அதை எடுக்கும்வரை ஸெய்னம்பு காத்திருந்தாள்.

பிறகு அவள் இப்னு உரைகித்தின் கதையைச் சொன்னாள். வகுப்புக்கென்று ஆயத்தம் செய்தது எல்லாம் மறந்துபோயிற்று. குகை, மூன்று நாள், இரண்டு ஒட்டகம், கடற்கரைப் பாதை என்று வந்தது வந்தபடி சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அவருக்குக் கூலி குடுத்தவையோ?"

"ஓம். பேசித்தான் கூட்டிக்கொண்டு போனவை."

"எவ்வளவு?"

"அது நான் வாசிச்சதிலை இல்லை, அண்ணை. காட்டிக்குடுத்திருந்தா நூறு ஒட்டகம். அதுதான் இருக்கு."

அவருடைய உதடு லேசாக அசைந்தது. "பிறகு உங்கட மார்க்கத்துக்கு வந்தவரோ?"

"அதைப்பற்றி உறுதியா ஒண்டும் தெரியாது. பேரிருக்கு, தேப்பன்ர பேரிருக்கு, எந்தக் கோத்திரம் எண்டும் இருக்கு."

"காணும்," என்றார் சிவபாதம்.

சனிக்கிழமை வகுப்பில் அவருடைய பெயரைச் சொல்லலாமா என்று கேட்டாள். அவர் யோசித்தார்.

"சொல்லுறதெண்டால் சங்கிலி வாங்கினதையும் சொல்லுங்கோ. அதை விட்டுட்டுச் சொன்னா அது வேறை ஆரோ."

புறப்படும்போது பிரதீபா வாசல்வரை வந்தாள். குசினியில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று கண்கள் சொல்லின.

"அன்ரி, அப்பா இதைப்பற்றி ஒருநாளும் கதைச்சதில்லை. எனக்கு அப்ப எட்டு வயசு. அந்த நவம்பரிலை இயக்க ஆக்கள் வந்து காரைக் கொண்டுபோட்டினம். அப்பாவையும் மூண்டு கிழமை வைச்சிருந்தவை. ஆரோ சொல்லிக் குடுத்திட்டினம் எண்டு அம்மா அழுதவ. என்னத்தைச் சொல்லிக் குடுத்தவை எண்டு கேட்டா ரெண்டு பேரும் வாயே திறக்க மாட்டினம்." அவள் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "இப்பத்தான் விளங்குது."

காரில் ஏறிய பிறகு பேபி திறப்பைப் போட்டுக் காரை முடுக்காமல் சும்மா இருந்தாள். தெருவில் யாரோ புல் வெட்டுகிற சத்தம் கேட்டது. "நாங்களும் அண்டைக்கு வீட்டுக்குள்ளைதான் இருந்தனாங்கள், ஸெய்னம்பு," என்றாள். "லொறியள் போறதை யன்னலாலை பாத்தனான்." பேபி காரை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து ரில்வானுக்குப் போன் அடித்தாள். அவன் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டான். "வாப்பா ஏன் சொல்லேல்லை?" என்றான் கடைசியில்.

"நெத்தியிலை இருந்ததை வாப்பாவாலை மறக்க ஏலாமப் போச்சு, மகன்."

"நீங்க ஏன் சொல்லேல்லை, உம்மா?"

அவள் மேசையில் கிடந்த புத்தகத்தை மூடினாள். அவன் பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

சனிக்கிழமை வந்தது. ஸெய்னம்பு அஸ்மா நாயகியைப் பற்றிச் சொன்னாள், குகையைப் பற்றிச் சொன்னாள், பிறகு இப்னு உரைகித்திடம் வந்தாள். அங்கிருந்து ஒஸ்ரின் காருக்கு வந்தாள். திருநீறு, குங்குமம், நாவற்குழி, சங்கிலி, ரயர் எல்லாவற்றையும் சொன்னாள். "ஒருத்தரும் கதவு திறக்கேல்லை எண்டு இவ்வளவு நாளும் உங்களுக்குச் சொன்னனான். ஒருத்தர் திறந்தவர். அவருக்குப் பேர் சிவபாதம்."

பொட்டு என்றதும் அறைக்குள் ஒரு சலசலப்பு எழுந்தது. ஓர் இளம்பெண், அப்படிச் செய்தது பாவமில்லையா என்று கேட்டாள். ஸெய்னம்பு வாய் திறக்க முதல் மஸாஹிரா ராத்தாவே பதில் சொன்னாள். மக்காவில் அம்மார் என்ற நபித்தோழரைச் சித்திரவதை செய்து வாயால் மார்க்கத்தை மறுக்க வைத்தார்கள். அவர் அழுதுகொண்டு வந்தபோது, உன் உள்ளம் எப்படி இருந்தது என்றுதான் நபியவர்கள் கேட்டார்கள். "உள்ளம் ஈமானிலை இருந்தாப் போதும். அது தீர்ந்த விசயம்," என்றாள். பிறகு அவளுடைய குரல் மாறியது.

"ஆனா எனக்கு ஒண்டு சொல்லு, ஸெய்னம்பு. நீ ஒரு கார்க்காரனை இப்னு உரைகித் ஆக்கிப்போட்டாய். அந்த வருசம் என்ரை நானாவை, கூடப்பிறந்தவரை, கடையிலை வைச்சுக் கூட்டிக்கொண்டு போனாங்கள். இண்டுவரைக்கும் ஆளும் இல்லை, எலும்பும் இல்லை. கூட்டிக்கொண்டு போனவங்களை நான் என்னவாக்கிறது?"

கீழே கடையில் காசுப்பெட்டி திறக்கிற சத்தம் மேலே கேட்டது.

"அவங்களுக்கு நான் பேர் வைக்கேல்லை, ராத்தா," என்றாள் ஸெய்னம்பு. "வைக்க எனக்கு உரிமையும் இல்லை. இவர் ஒருத்தருக்குத்தான் நான் கடன்பட்டிருக்கிறன். இவரைத்தான் சொன்னனான்."

மஸாஹிரா ராத்தா ஸலவாத்து ஓதி வகுப்பை முடித்தாள். அன்று அவள் யாருடனும் நின்று பேசவில்லை. அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் ஸெய்னம்புவுக்கு ஸலாம் மட்டும் சொன்னாள்.

ரில்வான் மூன்று கிழமை கழித்துத் தானாகவே வந்து, "கூட்டிக்கொண்டு போங்க, உம்மா," என்றான். சிவபாதத்தின் அறைக்குள் நுழைந்ததும் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். ஆறடி உயரமும் தாடியுமாக நின்ற அவனைச் சிவபாதம் அண்ணாந்து பார்த்தார். "கிட்ட வாரும், தம்பி," என்றார். அவன் முழங்காலிட்டான். அவர் இரண்டு கையாலும் அவனுடைய தலையைப் பிடித்தார், பிடித்தபடியே இருந்தார். அதற்குப் பிறகு ரில்வான் ஞாயிற்றுக்கிழமைகளில் போகத் தொடங்கினான். பிரதீபாவின் வீட்டில் மங்கி எரிந்த விளக்குகளையெல்லாம் மாற்றிக் கொடுத்தான்.

செப்டெம்பர் நடுப்பகுதியில் சிவபாதம் காலமானார்.

ஸ்காபரோவில் ஈமச்சடங்கு மண்டபத்துக்கு ஸெய்னம்புவும் ரில்வானும் போனார்கள். உள்ளே தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். இருவரும் பின்வரிசையில் இருந்தார்கள். பிரதீபா வந்து ஸெய்னம்புவின் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் பின்கதவு திறந்தது. கறுப்பு அபாயாவும் கைத்தடியுமாக மஸாஹிரா ராத்தா வந்து, ஸெய்னம்புவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"ராத்தா, நீங்களோ?"

மஸாஹிரா முன்னால் இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ரை நானாவையும் ஆரோ ஒருத்தன் கடைசியாப் பார்த்திருப்பான். தண்ணி குடுத்தானோ, அடிச்சானோ, எனக்குத் தெரியாது. அவன்ரை பேரும் தெரியாது. பேர் தெரிஞ்ச ஒருத்தன்ரை மவுத்துக்காவது போவம் எண்டு வந்தன்."

சடங்கு முடிந்து பெட்டியைத் தூக்கினார்கள். மண்டபம் எழுந்தது. ரில்வான் தாயைப் பார்த்தான். எழும்பலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அதற்குள் மஸாஹிரா கைத்தடியை ஊன்றி, முழங்கால் நோவோடு மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருந்தாள்.

"எழும்பு, மகன்," என்றாள். "ஒரு யூதருடைய ஜனாஸா போகேக்கை நபியவர்கள் எழும்பி நிண்டவர்கள். யூதர்தானே எண்டு சொன்னவைக்கு, அதுவும் ஒரு உயிர் இல்லையா எண்டு கேட்டவர்கள்."

மூவரும் நின்றார்கள். பெட்டி அவர்களைக் கடந்து போனது. மஸாஹிராவின் கை ஸெய்னம்புவின் தோளைப் பற்றியிருந்தது. வெளியே வாகனத்தின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்கும்வரை அவள் உட்காரவில்லை.